உருட்டும் அறிவும்: நீலகிரியை முன்வைத்து

1873இல் லண்டனில் அச்சான ஒரு நூலின் ஒரே அட்டைக்குள் இரண்டு நூல்கள் இருக்கின்றன. முதலாவதை எழுதியவர் வில்லியம் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி. மண்டையின் மேடுபள்ளங்களை அளந்தால் ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற கபாலவியலில் அவருக்கு அசையாத நம்பிக்கை. நீலகிரிக்கு வந்து தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் தலைகளை அளந்தார், படம் எடுத்தார், இவர்களுக்குப் பிள்ளைப்பாசம் இவ்வளவு, சண்டைக்குணம் இவ்வளவு என்று கணக்கெழுதினார். அதே அட்டைக்குள் பின்பகுதியில் தோட மொழிக்கு ஒரு சுருக்க இலக்கணம் இருக்கிறது. எழுதியவர் ஜி.யு.போப். ஊட்டியில் பள்ளி நடத்திய, பிற்காலத்தில் குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன நம் போப்தான். பாசல் மிஷனைச் சேர்ந்த மெட்ஸ் பாதிரியார் திரட்டித் தந்த சொற்களையும் வாக்கியங்களையும் வைத்து அதை எழுதினார்.

முதல் பகுதி குப்பை. மார்ஷல் எழுதிய காலத்திலேயே ஐரோப்பிய உடலியலாளர்கள் கபாலவியலைக் கைவிட்டு வெகுநாளாகியிருந்தது. இரண்டாம் பகுதியில் குறைகள் உண்டு, ஆனாலும் அது அறிவு. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் நின்று திருத்தி எழுத முடிந்தது. இருவரும் மனமறிந்து பொய் சொன்னவர்கள் அல்ல. மார்ஷல் மழையிலும் பனியிலும் மந்து மந்தாக அலைந்த, கடும் உழைப்பாளியான, நேர்மையான மனிதர். அறிவுலகத்தின் உருட்டைப் பற்றிப் பேசும்போது அவர்தான் வந்து வழியை மறிக்கிறார்.

உருட்டு என்றதும் நமக்கு ஏமாற்றுக்காரர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்ஃபர்ட் இதை இன்னும் கூர்மையாகப் பார்த்தார். 1986இல் அவர் எழுதிய கட்டுரை 2005இல் கையடக்க நூலாக வந்து சக்கைப்போடு போட்டது. அவர் வாதம் இதுதான். பொய் சொல்பவருக்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தால்தான் அதை மறைக்க முடியும். உருட்டுபவருக்கு அந்தக் கவலையே இல்லை. தான் சொல்வது மெய்யா பொய்யா என்பது அவர் கணக்கில் வராது. கேட்பவர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறார் என்பதுதான் கணக்கு. ஆகவே உண்மைக்குப் பொய்யரைவிட இவரே பெரிய எதிரி.

ஊட்டி ஏரிக்கரையில் வண்டியோடு நிற்கும் வழிகாட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? அவர் எந்தப் பாறையைக் காட்டினாலும் ஒரு படத்தின் பெயர் சொல்வார், எந்தப் பள்ளத்துக்கும் ஒரு காதல் ஜோடியின் தற்கொலைக் கதை வைத்திருப்பார். மெய்யா பொய்யா என்ற கவலை அவருக்கும் இல்லைதான். ஆனால் கேட்பவருக்கும் இல்லை. கதைக்குச் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். அங்கே யாரும் ஏமாறவில்லை. அதே பேச்சு அடிக்குறிப்புகளோடு கருத்தரங்க மேடையில் ஏறும்போதுதான் வில்லங்கம்.

ஃபிராங்ஃபர்ட்டின் அளவுகோலில் இருக்கும் சிக்கல், அது பேசுபவரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கச் சொல்கிறது. மார்ஷலின் மனத்துக்குள் எட்டிப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தத்துவவாதி ஜி.ஏ.கோஹென் 2002இல் இந்த இடத்தில்தான் மடக்கினார். இளமையில் அவர் அல்துசரைப் பின்பற்றிய பிரெஞ்சு மார்க்சியர்களின் எழுத்தை மாய்ந்து மாய்ந்து படித்தவர். புரியாத பக்கத்தோடு மல்லுக்கட்டி ஏதோ கொஞ்சம் புரிந்ததும், இவ்வளவு பாடுபட்டோமே, உள்ளே பெரிதாக ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று மனம் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டது என்று பின்னாளில் எழுதினார். பேசுபவரை விட்டுவிடுங்கள், வாக்கியத்தைப் பாருங்கள் என்பது அவர் கட்சி. அவர் சொன்ன ஒரு சோதனை எளிது. வாக்கியத்தில் ஒரு 'இல்லை' சேர்த்துப் பாருங்கள். சேர்த்த பிறகும் அதே கம்பீரத்தோடு ஒலித்தால் முதலிலேயே அங்கே ஒன்றும் இருந்திருக்கவில்லை.

நானே ஒன்று கட்டிப் பார்க்கிறேன்: 'மலைவாழ் மக்களின் இயற்கையோடு இயைந்த வாழ்வியல், நவீனத்தின் மையத்தைச் சிதைத்து விளிம்பை மீள்கட்டமைக்கிறது.' இப்படி ஒரு வரிக்குக் கைதட்டல் நிச்சயம். 'சிதைப்பதில்லை, மையத்துக்குள்ளேயே விளிம்பைக் கரைக்கிறது' என்று திருப்பிப் போட்டாலும் அதே கைதட்டல்தான். எந்த மந்துக்குப் போய் எதைப் பார்த்தால் இரண்டில் எது சரி என்று சொல்லலாம்? எதைப் பார்த்தாலும் முடியாது. 'தோட மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது' என்ற வாக்கியத்தில் இந்த அழகெல்லாம் கிடையாது. ஆனால் அதில் 'இல்லை' சேர்த்தால் சண்டை வரும். சண்டையைத் தீர்க்க அகராதியும் ஒலியமைப்பும் வினைமுற்றுகளும் இருக்கின்றன.

தோடர்களைப் பற்றி இந்த இரண்டாம் வகை வாக்கியம் 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. 1856இல் கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் தோட மொழியையும் கோத்த மொழியையும் திராவிடக் குடும்பத்தில் வைத்தார். அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தோடர்கள் இஸ்ரேலின் காணாமல் போன குலம், சித்தியர், ரோமானியர் என்று ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டே இருந்தது. தாடி, நெட்டையான உருவம், உடலைச் சுற்றிய போர்வை: இவ்வளவுதான் சாட்சி. 1951இல்கூட, கிரேக்க இளவரசரும் மானிடவியலாளருமான பீட்டர், தோடர்களின் வேண்டுதல்களில் சுமேரியத் தெய்வங்களின் பெயர்கள் கேட்கின்றன என்று சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். ஒலியொற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் போய்ச் சேரலாம். இந்த விளையாட்டில் தமிழர்களாகிய நாமும் சளைத்தவர்கள் அல்லர்; கொரியாவிலிருந்து கேமரூன் வரை நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கதைகளில் உச்சம் பிளவாட்ஸ்கி அம்மையாருடையது. பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1883இல் அடையாற்றிலிருந்து ஊட்டிக்கு வந்து ஜெனரல் மார்கன் குடும்பத்தோடு தங்கினார். வெள்ளைக்கார அதிகாரிகளின் வரவேற்பறைகளில் ஆவிகளும் அற்புதங்களும் பேசப்பட்ட பருவம் அது. அங்கே கேட்ட கதைகளை வைத்து நீலமலையின் மர்மக் குடிகள் என்ற பொருளில் ரஷ்ய இதழ் ஒன்றுக்குத் தொடர் எழுதினார். அதில் தோடர்கள் தெய்வீக அழகும் ரகசிய ஞானமும் கொண்டவர்கள். மலையின் இன்னொரு பழங்குடியான குறும்பர்கள் பார்வையாலேயே ஆளைக் கொல்லும் கொடிய குள்ளர்கள்.

பிளவாட்ஸ்கி இதையெல்லாம் நம்பினாரா? இந்தக் கேள்வியில் நூறு வருடம் மை செலவாகியிருக்கிறது. லண்டனின் அமானுஷ்ய ஆய்வுச் சங்கத்துக்காக அடையாறு வந்து பிளவாட்ஸ்கியின் அற்புதங்களை விசாரித்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சனின் அறிக்கை 1885இல் வெளியானது. வரலாற்றின் மிகத் தேர்ந்த, சாமர்த்தியமான, சுவாரசியமான ஏமாற்றுக்காரர்களில் ஒருவர் என்று சங்கம் பிளவாட்ஸ்கிக்குப் பட்டம் கட்டியது. 1986இல் அதே சங்கத்தைச் சேர்ந்த வெர்னான் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் விசாரணை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். அடையாற்று அற்புதங்களுக்கு இந்த வழக்கு தேவைதான். நீலகிரிக் கதைக்குத் தேவையில்லை என்பேன். அவர் நம்பி எழுதியிருந்தாலும் நம்பாமல் எழுதியிருந்தாலும் குறும்பருக்கு என்ன வித்தியாசம்? மலையில் அந்த நூற்றாண்டில் சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின்பேரில் குறும்பர்கள் குடும்பத்தோடு கொல்லப்பட்டிருக்கிறார்கள். பக்கத்து ஊர்க்காரரின் பயத்தில் கிடந்த ஒரு பழியை எடுத்து, ஞானத்தின் பெயரால், அச்சில் ஏற்றிக் கொடுத்தது அந்தத் தொடர்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. அது ரஷ்ய மொழியில் வந்தது. குறும்பருக்கோ தோடருக்கோ படகருக்கோ அதைப் படிக்க வழியில்லை. படித்தாலும் மறுப்பு அனுப்ப முகவரியில்லை. மார்ஷலின் நூலும் அப்படித்தான். 'என் தலையில் இந்த மேடு இருப்பதால் எனக்குச் சண்டை போடத் தெரியாது என்கிறாயே, போன மாதம் மந்தில் நடந்ததைப் பார்த்தாயா?' என்று கேட்கும் தோடர் ஒருவர் லண்டன் அச்சகத்தின் வாசலில் இல்லை. அறிவுலகத்தில் உருட்டு எங்கே செழிக்கும் என்று கேட்டால் என் பதில் இதுதான்: யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் திருப்பிக் கேட்க முடியாத இடத்தில். பேசுபவரின் நேர்மை அங்கே பெரிய காவல் இல்லை. நேர்மையானவரும் தடுப்பார் இல்லாமல் எவ்வளவு தூரம் போவார் என்பதற்குக் கபாலவியலே சாட்சி.

எதிர்ச் சாட்சியும் இதே மலையில் உண்டு. ஆங்கிலேய மானிடவியலாளர் டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்தார். அன்று தோடர்கள் சுமார் எண்ணூறு பேர். மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் வேலை செய்தார், அதனால் சறுக்கல்கள் உண்டு. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்த்தார். யார் யாருக்கு என்ன உறவு என்று குடிவழிப் பட்டியல்களைக் கட்டுக்கட்டாகத் தொகுத்து, ஒவ்வொரு சடங்குச் செய்தியையும் அந்தப் பட்டியலோடு உரசிப் பார்த்தார். 1906இல் நூல் வந்தபோது அந்தப் பட்டியல்களையும் சேர்த்தே அச்சிட்டார். தன்னைப் பிடிப்பதற்கான கயிற்றைத் தானே கொடுத்த மாதிரி.

பிடிக்கவும் பிடித்தார்கள். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்த மொழியியலாளர் மரே எமனோ, தோட மொழியையே கற்றுக்கொண்டு மந்துகளில் உட்கார்ந்தார். தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குலங்களும் தோடரிடம் உண்டு, மணத்தடை இரண்டு வழியிலும் இருக்கிறது என்பதை 1937இல் எழுதினார். ரிவர்ஸின் நூலில் விடுபட்டுப்போன பெரிய விஷயம் அது. பிறகு தோடப் பாடல்களைத் தொகுத்தார். எந்தப் பாட்டும் இரட்டை இரட்டையாக அமைந்த மரபுத் தொடர்களால் ஆனது, ஒவ்வொரு மந்துக்கும் ஒவ்வொரு எருமைக்கும் உரிய தொடர் உண்டு, பாடுபவர் அவற்றைக் கோத்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுவார். சங்கப் பாட்டின் அடைமொழிகளோடு பழகிய நமக்கு இது சுமேரியாவைவிடப் பக்கத்து வீட்டு விஷயம். ரகசிய ஞானம் தேடி வந்தவர்கள் ஒருவருக்கும் இது காதில் விழவில்லை என்பதுதான் வேடிக்கை. ரிவர்ஸ் தவறியதும் அறிவின் கணக்கில்தான் சேரும். அந்தத் தவற்றை இன்னொருவர் கண்டு சொல்ல முடிந்தது.

இப்படிச் சொன்னால், மனமறிந்ததை மட்டுமே பேச வேண்டும், நம்பாததைச் சொல்லவே கூடாது என்று முடிவுகட்டத் தோன்றும். நான் அந்தக் கட்சி இல்லை. நம் ஊர்ப் பட்டிமன்றத்தைப் பாருங்கள். எந்த அணியில் பேசுவது என்பது பல சமயம் நடுவர் பிரித்துக் கொடுப்பது. மகளா மருமகளா என்ற தலைப்பில் நேற்று ஒரு ஊரில் 'மகளே' என்று முழங்கியவர் இன்று கோத்தகிரி மேடையில் 'மருமகளே' என்று உருகுவார். அதில் வஞ்சகம் இல்லை, ஏனென்றால் ஆட்ட விதி எல்லாருக்கும் தெரியும், எதிரணி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது, அடுத்த பத்தாவது நிமிடம் பதில் வரும். பழைய மேடையும் அப்படித்தான். மணிமேகலையில் இந்திர விழாவுக்கு முரசறைபவன், 'ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்கிறான். ஏறு, ஆனால் மேடையின் முறை தெரிந்து ஏறு.

நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபு இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து வைத்தது. உண்மையைக் காண இருவர் சேர்ந்து செய்வது வாதம். ஜெயிப்பதற்காக, தந்திரங்களையும் சேர்த்துக்கொண்டு செய்வது ஜல்பம். தனக்கென்று எந்த நிலைப்பாடும் வைத்துக்கொள்ளாமல் எதிராளியை இடிப்பது மட்டுமே விதண்டை. அந்த மரபு கடைசி இரண்டையும் முழுக்க விரட்டிவிடவில்லை என்பது முக்கியம். விதைத்த நாற்றைக் காக்க முள்வேலி போடுவதுபோல, உண்மையைக் காக்க அவற்றையும் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்தது. ஒரு கருத்தை நம்பாமலேயே அதன் பக்கம் நின்று வாதாடிப் பார்ப்பதும், டீக்கடையில் வாய்க்கு வந்ததைச் சொல்லி அது எங்கே போகிறது என்று பார்ப்பதும் இல்லாத இடத்தில் புதிய யோசனை பிறக்காது. அரைவேக்காட்டு யோசனைக்கு ஒரு அடுப்பு வேண்டும். அதை விருந்துக்குப் பரிமாறுவதுதான் குற்றம்.

நம்பாமல் சொன்ன சுத்த உளறல், உண்மைக்கு உதவிய நிகழ்ச்சியும் உண்டு. 1996இல் இயற்பியலாளர் ஆலன் சோக்கல், குவாண்டம் ஈர்ப்பு பற்றி வேண்டுமென்றே அபத்தமாக ஒரு கட்டுரை எழுதி, பண்பாட்டு ஆய்வுக்கான பெயர்பெற்ற அமெரிக்க இதழுக்கு அனுப்பினார். மேற்கோள்கள் எல்லாம் நிஜம், சேர்த்த விதம் மட்டும் விளையாட்டு. இதழ் வெளியிட்டது, வெளியான கையோடு அவரே வேறொரு இதழில் போட்டு உடைத்தார். கலைப்புலப் படிப்பு முழுக்க உருட்டு என்பதற்கு இதை அத்தாட்சியாகக் காட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2005இல் எம்.ஐ.டி. மாணவர்கள் கணினியியல் கட்டுரைகளைத் தானாகத் தயாரிக்கும் ஒரு நிரலை எழுதினார்கள். அது துப்பிய பொருளற்ற கட்டுரை ஒன்றை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. துறை எதுவானாலும், பேசியதற்குப் பரிசு, பிழைபட்டதற்குத் தண்டனை இல்லை என்றால் விளைச்சல் ஒன்றுதான்.

நம் கல்லூரிகளில் இது விதியாகவே வந்தது. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வைக் கட்டுரை எண்ணிக்கைக்கான மதிப்பெண்ணோடு கட்டியது. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் புற்றீசலாகக் கிளம்பின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அவற்றில் எழுதிய ஆசிரியர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தான் எழுதியதை யாரும் படிக்கப்போவதில்லை என்று எழுதும்போதே தெரிந்த ஒருவருக்கு, அதை மெய்யாக்க என்ன காரணம் இருக்கும்?

செய்தி ஊடகத்துக்குச் சன்மானம் வேறு வகை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம், 2015 ஜூன் 22 அன்று சுமார் இரண்டு மணி நேரம் மியூவான் என்ற நுண்துகள்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்ததைப் பதிவு செய்தது. சூரியனிலிருந்து கிளம்பிய பிளாஸ்மா மோதியதில் பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாகப் பலவீனப்பட்டது என்று 2016இல் கட்டுரை வந்தது. செய்தித் தலைப்பில் அது 'பூமியின் கவசத்தில் விரிசல்' ஆனது. தலைப்பிட்டவர் பொய் சொல்ல நினைக்கவில்லை. விரிசலா, சற்று நேரப் பலவீனமா என்பது அவர் வேலைக்கு அவசியப்படவில்லை. ஃபிராங்ஃபர்ட் சொன்ன ஆள் இவர்தான். ஆனால் இங்கே தரவு வெளியில் கிடக்கிறது, இயற்பியலாளர்கள் மறுக்கலாம், ஆகவே சேதம் கொஞ்சம்.

சேதம் பெரிதான கதை புல்வெளியுடையது. மலையின் உச்சிப் பீடபூமியில் சோலைக்காடு பள்ளங்களில் திட்டுத்திட்டாக இருக்கும், மேடெல்லாம் புல். வெள்ளைக்கார வருவாய்க் கணக்கில் அந்தப் புல்மேடு தரிசு. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை எனப்படும் வாட்டில் மரமும் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸும் வந்தன, விறகுக்காக முதலில். புல்வெளி எப்படி வந்தது என்பதில் உண்மையான வாதமும் நடந்தது. 1938இல் வன அதிகாரி சி.ஆர்.ரங்கநாதன், உறைபனிதான் மேட்டில் மரக்கன்றைப் பிழைக்க விடுவதில்லை, புல் இங்கே இயல்பானது என்றார். தாவரவியலாளர் என்.எல்.போர், தீயும் மேய்ச்சலும் காட்டைத் தின்றதால் மிஞ்சியதே புல் என்றார். இரண்டு பேரும் தவறாகக்கூடிய விதத்தில் பேசினார்கள், அது மரியாதைக்குரியது.

விடை மண்ணுக்குள் இருந்தது. நீலகிரிப் பள்ளத்தாக்குகளின் சதுப்பில் செடிகள் மக்கி அடுக்கடுக்காகப் படிந்த கரி மண் உண்டு. மரங்களும் பெரும்பாலான வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எடுக்கும் விதம் வேறு வேறு. அதனால் கரியின் எடை வேறுபட்ட இரண்டு அணுவகைகளான ஐசோடோப்புகளின் விகிதம் மக்கிய பிறகும் அடையாளம் காட்டும். சூழலியலாளர் ஆர்.சுகுமாரும் கூட்டாளிகளும் 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியூழிக் காலத்திலேயே இங்கே புல் மேலோங்கியிருந்ததையும், பருவமழை ஏறி இறங்கியதற்கேற்பக் காடும் புல்லும் மாறி மாறி விரிந்து சுருங்கியதையும் காட்டியது. மனிதன் வெட்டித்தான் புல் வந்தது என்ற கதைக்கு அதற்குப் பிறகு நிற்க இடமில்லை.

அதற்குள் வேலை முடிந்துவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகான பத்தாண்டுகளில்தான் நடவு மும்முரமானது. தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ் மரம். 'தரிசை வளமாக்குதல்' என்று கோப்புகளில் எழுதியவர்களுக்கு ரங்கநாதனோ போரோ தேவைப்படவில்லை. ஆலைக்கு மரம் வேண்டும், காரணம் எதுவானாலும் சரி. அந்தப் புல்லில் எருமை மேய்த்து, ஒவ்வொரு சரிவுக்கும் பாட்டில் பெயர் வைத்திருந்த தோடர்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. சீகையை வெட்டினால் போதாது, விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து முளைத்துக்கொண்டே இருக்கும். வருடா வருடம் பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் நாட்டுப் புல் வைக்க வேண்டும், அதற்கு எந்த ஈரத்தில் எந்தப் புல் என்று தெரிந்த ஆள் வேண்டும். தோடர் கோயிலின் கூரைக்கு வேயும் சதுப்புப் புல் அரிய வகை, அது இருக்கும் இடங்களும் சுருங்கிவிட்டன. எங்கே மிச்சம் இருக்கிறது என்று கேட்க இப்போது மந்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.